மரம் அரிய முன்: பழைய வீட்டு மரத்திலும் வளவு மரத்திலும் இருந்து ஒரு கூரையை மீட்டெடுப்பது

நீண்ட இடப்பெயர்வின் பின்னர் காணிக்குத் திரும்பிய பலரும் ஒரே மாதிரியான காட்சியையே கண்டார்கள். சுவர் நின்றது, கூரை இல்லை. நிலை இருந்த இடத்தில் ஓட்டை, யன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. வலிகாமத்தில் 1990இல் வெளியேறியவர்களுக்கு 2015இல் வளலாய், 2017இல் மயிலிட்டி எனக் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோதும், 2009இன் பின்னர் வன்னியில் மீள்குடியேற்றம் நடந்தபோதும், வீட்டிலிருந்து முதலில் காணாமல் போயிருந்தது மரம்தான். கல்லைக் கொண்டுபோவது கடினம். வளையும் கதவும் நிலையும் கழற்றி ஏற்றக்கூடியவை. விற்றால் உடனே பணம்.

நான் தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். மீள்குடியேற்றக் காலத்திலிருந்து மரம் அரியும் வேலையோடு இருக்கிறேன். ஆலைக்கு வருபவர்களில் அதிகமானோர் பணத்தை வைத்துக்கொண்டு புது மரம் வாங்க வருபவர்கள் அல்லர். இடிந்த வீட்டில் மிஞ்சிய நான்கு வளை, வளவில் விழுந்த ஒரு வேம்பு, பதுங்குகுழி மூடியிருந்த பனைக்குற்றி என்பவற்றை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, "இதிலை என்ன எடுக்கலாம் தம்பி?" என்று கேட்பவர்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுத முயல்கிறேன். மரத்தை ஆலைக்கு ஏற்ற முன்னர் எதைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் ஒரு அறைக்கான கூரை மரமாவது மிஞ்சும். தெரியாவிட்டால் கூலியும் போய் மரமும் விறகாகும்.

மரச் செலவு ஏன் கழுத்தை நெரிக்கிறது

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் சுமார் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டைக் கட்டும் பொறுப்பு பயனாளியுடையது. அத்திவாரமும் சுவரும் எழும்பும்வரை கணக்கு ஓரளவு சரியாக வந்தது. கூரைக்கும் கதவு யன்னலுக்கும் வந்தபோது பலருக்குக் கையிருப்பு முடிந்துவிட்டது. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மணலும் மரமும் கூலியும் ஒன்றாக ஏறின. நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கூரை போட்ட குடும்பங்கள் எத்தனையோ. இன்றும் அந்த வீடுகளுக்குள் போனால், முன்வாசலுக்கு மட்டும் கதவும், உள் அறைகளுக்குச் சேலைத் துணியும் தொங்குவதைக் காணலாம்.

இப்படிப்பட்ட வீட்டில் பழைய மரம் ஒரு சேமிப்பு. ஒரு பழைய பாலை வளையைச் சரியாக அரிந்தால் இரண்டு அறைக்கு நிலை எடுக்கலாம். அதே வளையைத் தெரியாமல் துண்டாக்கினால் நாற்காலிக் காலுக்கும் உதவாது.

எந்த மரத்தை எதற்கு

எமது பகுதியில் கைக்கு வரும் மரங்களைப் பற்றிச் சுருக்கமாக:

பாலை: மிகவும் பாரமானது, மிகவும் கடினமானது. வளை, தீராந்தி, தூண் ஆகியவற்றுக்கு உகந்தது. பழைய வீடுகளில் கிடைக்கும் பாலை காய்ந்து இரும்புபோல் ஆகியிருக்கும். அதை அரிய வாளின் பல் நல்ல கூராக இருக்க வேண்டும், மெதுவாக ஊட்ட வேண்டும். ஆணி நேராக இறங்காது. துளையிட்டே அடிக்க வேண்டும்.

முதிரை: மஞ்சள் சாயலும் பளபளப்பும் கொண்ட உயர்ந்த மரம். நிலைக்கும் கதவுக்கும் தளபாடத்துக்கும் ஏற்றது. வன்னிக் காட்டிலிருந்து களவாக வெட்டப்படும் மரங்களில் இதுவே முன்னணியில் நிற்கிறது. ஆகவே மலிவாக வரும் புது முதிரையைத் தொட முன்னர் பத்திரத்தைக் கேளுங்கள்.

சமண்டலை: ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். வளைந்து கொடுக்கும், இலகுவில் முறியாது. வண்டிக்கும் வள்ளத்துக்கும் பயன்பட்ட மரம். கைமரத்துக்கு நல்லது.

வேம்பு: யாழ்ப்பாணத்து வளவுகளில் அதிகம் கிடைப்பது. வைரப் பகுதி பூச்சிக்கு ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஆனால் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் ஈரமாக அரிந்து உடனே கதவு செய்தால் முறுக்கிக்கொள்ளும். பொறுமையாகக் காயவைப்பவர்களுக்கே வேம்பு உதவும்.

பலா, தேக்கு, மகோகனி: கதவுக்கும் யன்னலுக்கும் நம்பிக்கையானவை. பலா வைரம் மஞ்சளாகத் தொடங்கி வருடங்கள் போகப் போகக் கபில நிறமாகும்.

பூவரசு: பெரிய குற்றி கிடைப்பது அரிது. கிடைத்தால் தளபாடத்துக்கு வையுங்கள், கூரைக்கு வீணாக்க வேண்டாம்.

மா: இலகுவாக அரியலாம், இலகுவாகவே உளுத்தும் போகும். கொங்கிறீற் போடும் பலகைக்கும் பெட்டிக்கும் போதும். மருந்திடாமல் வீட்டுக்குள் நிரந்தர வேலைக்கு வேண்டாம்.

எந்த மரமாக இருந்தாலும் நடுவில் உள்ள நிறம் கூடிய வைரமும், பட்டைக்கு அருகிலுள்ள வெளிறிய பகுதியும் வேறுவேறு. வெளிறு பூச்சிக்கு உணவு. ஒரு பலகையில் பாதி வெளிறு என்றால் அதன் ஆயுளும் பாதிதான்.

பனைக்கு வேறு கணக்கு

பனையை மற்ற மரங்களைப் போல எண்ணக்கூடாது. மற்ற மரத்தில் வைரம் நடுவில் இருக்கிறது. பனையில் வெளிப்புறத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது சோத்தி. அது உலர்ந்தால் தூளாகும், நனைந்தால் உக்கும். முதிர்ந்த பனையின் அடிப்பகுதியில் கறுத்த நார்கள் நெருக்கமாக நிற்கும். மேலே போகப் போக நார் குறைந்து சோத்தி கூடும். எனவே ஒரு பனையில் வளைக்கும் சிலாகைக்கும் எடுக்கக்கூடியது அடியிலிருந்து ஏறக்குறையப் பாதி உயரம்வரைதான். இளம் பனையில் அதுவும் கிடையாது. அடியை வெட்டிப் பார்க்கும்போது கறுப்பு வளையம் இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், அந்த மரத்தைக் கூரைக்குத் தறிப்பது வீண்.

எங்கள் முன்னோர் பனையை அரியவில்லை, பிளந்தார்கள். ஆப்பு வைத்து அடித்து, நார் போகும் வழியே நான்காக, ஆறாக, எட்டாகப் பிளந்து, சோத்தியை வாய்ச்சியால் செதுக்கி எடுத்தார்கள். பிளந்த சிலாகையில் நார் அறுபடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும். அதுதான் அதன் பலம். சோத்தியைத் தோண்டி எடுத்தவர்கள் அதையே பீலியாகவும் வைத்தார்கள். இன்று ஆலையில் வாளுக்குக் கொடுக்கும்போது குற்றி சற்றே வளைந்திருந்தாலும் வாள் நாரைக் குறுக்காக வெட்டிவிடும். அந்த இடத்தில் சிலாகை பின்னர் முறியும். ஆகவே பனையை ஆலைக்குக் கொண்டுவருபவர்கள், வளைந்த குற்றியை வளைவு உள்ள இடத்தில் துண்டாக்கி, நேரான குட்டைத் துண்டுகளாக அரியச் சொல்ல வேண்டும். நீளம் குறைந்தாலும் பலம் நிற்கும்.

இன்னொன்று. பனஞ்சிலாகையின் முனைகளிலும் ஆணித் துளைகளிலும் நீர் தங்கவிடக்கூடாது. ஓடு ஒழுகாத வீட்டில் பனைக் கூரை இரண்டு மூன்று தலைமுறை நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓடு ஒழுகும் வீட்டில் அது சில மாரிக்குள் உக்கிப்போகும்.

பழைய மரத்தைச் சோதிப்பது

பழைய வீட்டு மரத்தின் பெறுமதி இரண்டு. ஒன்று, அது ஐம்பது அறுபது வருடம் காய்ந்தது. இனி முறுக்காது, சுருங்காது. இரண்டு, அந்தக் காலத்து மரங்கள் முதிர்ந்த பின்னர் தறிக்கப்பட்டவை. வைரம் கூட, வெளிறு குறைவு. நாற்சார் வீட்டின் தீராந்தியும் முகட்டு வளையும் இன்று எந்த மரக்காலையிலும் வாங்க முடியாத மரம்.

அதேவேளை, கூரையில்லாமல் இருபத்தைந்து மாரிக்கு நனைந்து வெயிலில் கிடந்த மரம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வெறுமையாக இருக்கலாம். நான் செய்யும் சோதனைகள் இவை:

1. தட்டிப் பார்த்தல். சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு அடிக்கு ஒரு தட்டு. கணீரென்ற சத்தம் நல்லது. மந்தமான சத்தம் வரும் இடத்தைச் சோக்கால் குறியுங்கள்.

2. குத்திப் பார்த்தல். குறியிட்ட இடத்திலும் சுவருக்குள் இருந்த முனைகளிலும் கூரான உளியை அழுத்துங்கள். உளி அரை அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. வளையின் சுவருக்குள் இருந்த ஒரு அடி பெரும்பாலும் உக்கியிருக்கும். அதைக் கழித்துத்தான் நீளத்தைக் கணக்கிட வேண்டும்.

3. பொருத்து வெட்டுகளைப் பார்த்தல். பழைய தச்சர்கள் கழுந்தும் துளையுமாகப் பொருத்தினார்கள். நடு நீளத்தில் துளை வெட்டிய மரத்தை மீண்டும் அதே நீள வளையாகப் போட்டால் அந்தத் துளையில் முறியும். அத்தகைய மரத்தை நிலைக்கும் யன்னல் சட்டத்துக்கும் குட்டையாக அரியுங்கள்.

4. கருகல். தீப்பட்ட மரம் என்றால் கருகிய பகுதியைச் செதுக்கிப் பாருங்கள். பெரிய வளையில் கரி அரை அங்குலத்தோடு நின்று, உள்ளே மரம் பழுதில்லாமல் இருப்பது வழமை. கரியோடு ஒட்டிய கபிலப் பகுதியையும் சேர்த்து நீக்கிவிட்டு மிஞ்சியதை அளவெடுக்கலாம்.

5. பழைய பெயின்ற். முன்னைய காலத்துப் பெயின்ற்களில் ஈயம் கலந்திருந்தது. அதை வீட்டுக்குள் வைத்து உரஞ்சினால் தூசி பிள்ளைகளின் உடலுக்குள் போகும். வெளியே, முகத்தை மூடிக்கொண்டு, நனைத்துச் சுரண்டுங்கள். சுரண்டியதை அடுப்பில் போட வேண்டாம்.

ரயில் சிலிப்பர்க் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் வடக்கு ரயில் பாதை நின்றபின் தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அவற்றில் சில இன்னமும் வளவுகளில் கிடக்கின்றன. அவை ரயில்வேயின் சொத்து என்பது ஒருபுறம். உக்காமலிருக்க அவற்றுக்கு ஏற்றிய எண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. அவற்றை அரிந்து வீட்டுக்குள் கதவாக, கட்டிலாகப் போடுவதும், விறகாக எரிப்பதும் கூடாது.

மரத்துக்குள் இருக்கும் யுத்தம்

வேறு ஊர்களில் மரம் அரிபவர்கள் ஆணிக்குப் பயப்படுவார்கள். நாங்கள் எறிகணைச் சிதறலுக்கும் துப்பாக்கிச் சன்னத்துக்கும் பயப்படுகிறோம். காயப்பட்ட மரம் சாகாமல் வளரும்போது சிதறலைச் சுற்றிப் புது மரம் மூடிவிடும். இருபது வருடத்தின் பின் வெளியே ஒரு சிறு தழும்பு மட்டும் இருக்கும், இரும்பு நான்கு அங்குலம் உள்ளே இருக்கும். வேகமாகச் சுற்றும் வாள் அதில் பட்டால் பல் பறக்கும், பட்டைவாள் அறுந்து வீசும். வாளின் பெறுமதி ஒருபக்கம், வாளருகில் நிற்பவரின் கண்ணும் கையும் மறுபக்கம். இதனால்தான் சண்டை நடந்த இடத்து மரத்தைப் பல ஆலைகள் வாங்கவே மறுக்கின்றன. அந்த மரத்தின் சொந்தக்காரருக்கு இது இரண்டாவது இழப்பு.

மறுக்காமல் அரியச் செய்ய வழி உண்டு. ஆலைக்குக் கொண்டுவர முன்னர் பட்டையை முற்றாக உரியுங்கள். தழும்பு, முடிச்சு, வெடிப்பு உள்ள இடங்களைக் குறியுங்கள். குற்றியின் வெட்டு முகத்தில் நீலம் கலந்த கறுப்புக் கறை நீளவாக்கில் ஓடினால் அதன் வழியில் எங்கோ இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சாறு இரும்போடு சேர்ந்தால் வரும் நிறம் அது. உலோகம் காட்டும் சிறிய கைக்கருவி உள்ள ஆலையைத் தேடிப் போங்கள். கருவி சத்தமிடும் இடத்தை ஒதுக்கிக் குற்றியைத் துண்டாக்கலாம், அல்லது உளியால் தோண்டி எடுக்கலாம். காந்தம் இரும்பை மட்டுமே காட்டும். சன்னத்தின் செம்பையும் ஈயத்தையும் காட்டாது. ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வீட்டு மரத்தில் ஆணியை அடித்து உள்ளே புதைக்காமல் இழுத்து எடுங்கள். தலை முறிந்த ஆணி இருக்கும் இடத்தைப் பெயின்றால் வட்டமிடுங்கள். உள்ளதைச் சொல்லி மரத்தைக் கொடுப்பது ஆலைத் தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. இடிந்த வீட்டிலோ, பதுங்குகுழி மரத்துக்கு அடியிலோ, கிணற்றுக்குள்ளோ என்னவென்று தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துவிட்டு, வந்த வழியாலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அப்பகுதியில் வேலைசெய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள். 2017இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனாலும் நிலம் முழுவதும் துப்புரவாகிவிடவில்லை. எந்த வளையும் ஒரு காலுக்கு ஈடாகாது.

அளவும் கூலியும்: ஏமாறாமல் இருக்க

குற்றியின் கனவளவை எமது நாட்டில் நீண்டகாலமாக நான்கிலொரு சுற்றளவு முறையில் கணக்கிடுகிறார்கள். குற்றியின் நடுவில் நூல் சுற்றி அளந்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். உதாரணமாக, நடுச் சுற்றளவு 48 அங்குலம், நீளம் 12 அடி. 48ஐ நான்கால் வகுத்தால் 12 அங்குலம், அதாவது 1 அடி. 1 x 1 x 12 = 12 கன அடி. உண்மையில் அந்த உருளையின் கனவளவு 15 கன அடிக்குச் சற்றுக் கூட. வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அது பட்டைக்கும் புறத் துண்டுக்கும் விடும் கழிவு. குற்றியாக விற்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்த முறையில் கழிவு ஏற்கனவே விடப்பட்டுவிட்டது. அதற்கு மேலும் ஒரு கழிவு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அரிந்த மரத்துக்குக் கணக்கு இலகு. 4க்கு 2 அங்குலத்தில் 12 அடிக் கைமரம் ஒன்று: 4 x 2 = 8. அதை 144ஆல் வகுத்து 12ஆல் பெருக்க, ஒரு கன அடியில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று கைமரம் சேர்ந்தால் 2 கன அடி. இந்த இரண்டு கணக்கையும் ஒரு பழைய கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்து தனியாக வீடு கட்டும் பெண்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நூலையும் அடிமட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் கணக்கு மாறுவது குறைவு.

வாள் தின்னும் மரத்தையும் கணக்கில் எடுங்கள். பெரிய வட்டவாள் ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குலமளவு மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பட்டைவாள் ஒரு அங்குலத்தின் 16இல் ஒரு பங்களவே எடுக்கும். 12 அங்குல அகலமான சதுரக் குற்றியிலிருந்து ஒரு அங்குலப் பலகை எடுத்தால், முதலாவதில் 9 பலகை, இரண்டாவதில் 11 பலகை. விலைமதிப்பான பழைய முதிரைக்கும் பலாவுக்கும் சற்றுத் தூரம் போனாலும் பட்டைவாள் உள்ள ஆலை இலாபம். எப்படி அரிந்தாலும், குற்றியில் பாதியே பயன்படும் மரமாக மிஞ்சும் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது.

ஆலைக்குப் போக முன்னர் ஆசாரியாரோடு இருந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். என்ன துண்டு, எத்தனை, எந்த நீளம் என்று நீளமானதும் பெரியதும் முதலில் வரட்டும். முகட்டு வளைக்குரிய நீள மரத்தை முதலில் எடுத்து, மிஞ்சியதில் நிலை, மிஞ்சியதில் யன்னல் சட்டம், கடைசியாக வரிச்சு. பட்டியல் இல்லாமல் "எல்லாத்தையும் பலகையாப் போடுங்கோ" என்று சொல்வதே அதிக மரம் வீணாகும் வழி.

அளவில் இரண்டு விடயம். ஈர மரம் சுருங்கும், சீவுளி போட்டால் இன்னும் குறையும். ஒரு அங்குலப் பலகை வேண்டுமென்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கு அரியச் சொல்லுங்கள். அடுத்தது, கூரை மரத்தின் பலம் அதன் உயரத்தில் இருக்கிறது. 4க்கு 2 மரத்தைப் படுக்கையாக வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் இரண்டு மடங்கு பாரம் தாங்கும், வளைவது நான்கில் ஒரு பங்காகும். பழைய 4க்கு 4 மரத்தை இரண்டாக அரிந்து நிமிர்த்திப் போட்டால், ஒரு வளையில் இரண்டு கைமரம் கிடைக்கும்.

குற்றியின் நடுக்கண் ஒரு துண்டின் மத்தியில் அகப்பட்டால் அந்தத் துண்டு கட்டாயம் வெடிக்கும். கதவுப் பலகைக்கு நடுக்கண்ணை ஒதுக்கி அரியச் சொல்லுங்கள். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக வருமாறு அரிந்தால், மற்றப் பக்கமாக அரிந்ததைவிட ஏறக்குறையப் பாதியளவே சுருங்கும். கூலி கொஞ்சம் கூட, ஆனால் மாரியில் கதவு இறுகாது.

காயவைத்தல்

புது மரத்துக்கு மட்டுமே இது தேவை, ஆனால் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். அரிந்த பலகையை நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பூஞ்சணம் பிடித்து நீலமாகும். நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்திக் கல் வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு அங்குலத் தடிகளை இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்று நேராக வருமாறு வையுங்கள். மேலே பாரம் ஏற்றுங்கள். வெயில் நேரே படாமல், காற்று ஊடுருவும் நிழலில் இருக்கட்டும். பலகையின் இரண்டு முனைகளுக்கும் பழைய பெயின்ற் பூசினால் முனை வெடிப்பது குறையும்.

தை மாசி தொடங்கிச் சோளகக் காற்று முடியும்வரை எமது பகுதி காயவைப்பதற்கென்றே அமைந்த காலம். அரிந்து வைத்தால், மாரிக்கு முன்னர் ஒரு அங்குலப் பலகை வேலைக்கு வரும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு சிறு துண்டைத் தராசில் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது.

வெளிறு உள்ள மரத்துக்கு அரிந்த உடனே, ஈரத்தோடேயே, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது நல்ல பாதுகாப்பு. ஈர மரத்துக்குள் அது இலகுவாக ஊறிச் செல்லும். மழைபடும் இடத்தில் கழுவுண்டு போகும் என்பதால் கூரைக்குக் கீழுள்ள மரத்துக்கே அது உதவும். பழைய எஞ்சின் ஒயிலை வீட்டுக்குள் பூசுவதை விடுங்கள். மணமும் கறையும் போகாது, தீயும் இலகுவில் பற்றும். கறையானுக்கு முதல் மருந்து, நிலைக்கால் மண்ணில் தொடாமல் சீமெந்தின் மேல் நிற்பது.

பத்திரம் இல்லாமல் வண்டி ஏற்ற வேண்டாம்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்த வளவிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. காட்டு மரங்களுக்கு 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அரிந்ததோ அரியாததோ, மரத்தை வீதியில் கொண்டுபோக வழிப்பத்திரம் கேட்கப்படும். கிராம அலுவலரிடமிருந்து தொடங்கிப் பிரதேச செயலகம், வனத் திணைக்களம் என்று போக வேண்டும். காணி உறுதியைக் காட்டச் சொல்வார்கள். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். தாத்தா நட்ட பலாவைப் பேரன் தறிக்க, அது தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கோவை இருக்கும். மரத்துக்காக அல்லாவிட்டாலும் இந்தப் பத்திரங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

பழைய வீட்டு மரத்தை ஏற்ற முன்னரும், கழற்ற முன் வீட்டையும் கழற்றிய பின் மரத்தையும் படமெடுத்து, இன்ன வீட்டில் கழற்றியது என்று கிராம அலுவலரிடம் கடிதம் பெற்று, வன அலுவலகத்தில் வழிப்பத்திரத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் வாய்ச்சொல் எடுபடாது.

இது யாருடைய மரம்?

கடைசியாக, ஆலைகளில் அதிகம் கதைக்கப்படாத ஒரு விடயம். பழைய மரம் விற்பவர் எல்லோரும் தங்கள் வீட்டு மரத்தை விற்கவில்லை. உரிமையாளர் வெளிநாட்டிலோ முகாமிலோ, அல்லது உயிரோடேயே இல்லாமலோ இருக்கும் வீடுகளிலிருந்து கழற்றப்பட்ட நிலைகளும் வளைகளும் பலமுறை கைமாறிச் சந்தைக்கு வந்தன, இன்னும் வருகின்றன. வீட்டை இழந்தவர் ஒருவர், தன்னைப் போலவே வீட்டை இழந்த இன்னொருவரின் நிலையை வாங்கித் தன் வாசலில் பொருத்தும் நிலை இது. வாங்குபவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. பிள்ளைகள் நனையும்போது கூரை மரத்தின் வரலாற்றை யாரும் விசாரிப்பதில்லை.

ஆனால் விசாரிப்பது எமக்கே நல்லது. எந்த ஊர், எந்த வீடு, கழற்றச் சொன்னது யார் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தடுமாறினால் விடுங்கள். பழைய நிலைகளின் மேற்சட்டத்தில் கட்டிய ஆண்டும் வீட்டுக்காரரின் பெயரெழுத்தும் செதுக்கியிருப்பதுண்டு. அத்தகைய நிலை கைக்கு வந்தால், அரிய முன்னர் அந்த எழுத்தைப் படமெடுத்து ஊர்ச் சனசமூக நிலையத்திலோ கோவில் நிர்வாகத்திடமோ காட்டுங்கள். நான் வேலைசெய்யும் இடத்தில் பெயர் செதுக்கிய மரத்தை நாங்கள் உடனே வாளுக்குக் கொடுப்பதில்லை. ஒதுக்கி வைத்து விசாரிக்கிறோம். தேடி வந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் மரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எழுத்துள்ள அந்த ஒரு துண்டை மட்டும் அரிந்து தரச் சொன்னார்கள்.

ஆலைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: துண்டுகளின் பட்டியல், நூலும் அடிமட்டமும், ஆணியும் தழும்பும் குறியிடப்பட்ட மரம், வழிப்பத்திரம் அல்லது கிராம அலுவலரின் கடிதம். அரிந்து முடிந்ததும் மரத்தை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு ஏற்றுங்கள். புறத் துண்டுகளையும் மரத்தூளையும் விட்டுவிட்டு வர வேண்டாம். புறத் துண்டு வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் ஆகும், தூள் அடுப்புக்கு ஆகும். அவையும் உங்களுடைய மரம்தான்.